பெயர் பறிபோன ஓடைகள்

ஓடை என்றால் நீர் ஓடவேண்டும். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலோ ஆண்டின் பெரும்பகுதி ஓடையில் மணல்தான் கிடக்கும். மழை கண்ட சில நாட்கள் வெள்ளம் பாயும். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சுனைகள் எஞ்சும். அச்சுனைகளே அந்நிலத்தின் உயிர்நாடி. அவற்றை ஒட்டி வாழ்ந்தனர் கைடெட்ய மக்களும், அவர்க்கு வடக்கே வருமுங்கு மக்களும்.

இன்று அவ்வழியே செல்பவன் காண்பது பாரோ கிரீக், டென்னன்ட் கிரீக் என்னும் ஊர்ப்பெயர்களை. கிரீக் என்றால் ஓடை. பாரோ யார்? டென்னன்ட் யார்? முன்னவர் அடிலெய்ட் நகரத்துப் பத்திரிகையாளர், அரசியல்வாதி. பின்னவர் தென்கோடியில் மந்தை வளர்த்த செல்வர். 1860ஆம் ஆண்டு ஜான் மெக்டவல் ஸ்டூவர்ட் என்னும் வெள்ளையர் இரண்டு துணைவர்களுடன் குதிரையேறி வந்தார், ஓடைகளைக் கண்டார், தமக்கு வேண்டியவர்களை எண்ணினார், பெயர் சூட்டினார். பிறந்த குழந்தைக்குப் பெயரிடலாம். பேரன் பேத்தி கண்ட கிழவிக்கு வழிப்போக்கன் பெயரிடுவதா?

அவ்வாண்டு ஜூன் 26ஆம் நாள், மேலும் வடக்கே ஓர் ஓடையருகில் வருமுங்கு மக்கள் அவரை எதிர்த்தனர். ஸ்டூவர்ட் வந்தவழியே திரும்பினார். அந்த இடத்துக்கு அவர் ஈந்த பெயர் 'அட்டாக் கிரீக்' — தாக்குதல் ஓடை! வீட்டுக்காரன் வாசலில் நின்று தடுத்தால் அது தாக்குதல்; அழையாமல் நுழைந்ததற்கு மட்டும் அகராதியில் சொல் கிடைக்கவில்லை போலும். நிலப்படம் வரைகிற கை எந்தப் பக்கத்துக் கை என்பதை அந்த ஒரு பெயரே காட்டிக்கொடுக்கிறது.

1872இல் கண்டத்தின் குறுக்கே ஏறத்தாழ 3,200 கிலோமீட்டருக்குத் தந்திக்கம்பி இழுக்கப்பட்டது. இலண்டன் செய்தி நம் சென்னையைத் தொட்டு, பினாங்கு, சிங்கப்பூர், ஜாவா வழியே கடலடியில் சென்று டார்வினில் கரையேறி, இந்தக் கம்பியில் தெற்கே ஓடிற்று. அறிவியலின் வெற்றிதான், மறுப்பாரில்லை. ஆனால் தந்தி நிலையங்கள் அமைந்தது எங்கே? நீருள்ள இடங்களில். 1874 பிப்ரவரியில் கைடெட்ய மக்கள் பாரோ கிரீக் நிலையத்தைத் தாக்கினர். ஊழியர் இருவர் மாண்டனர். நீர்நிலை பறிபோனதும், பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையும் காரணம் என்பர். பழிவாங்கக் கிளம்பிய படைகள் கொன்றவர் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. வெள்ளையர் இருவர்க்குக் கல்லறை உண்டு. மற்றவர்க்கு? அப்பக்கத்தில் 'மண்டையோட்டு ஓடை' என்று ஒன்று உள்ளது. வெளுத்துக் கிடந்த எலும்புகளால் வந்த பெயர் என்கின்றனர்.

டென்னன்ட் கிரீக் நகரம் 1930களில் பொன்வேட்டையால் எழுந்தது. வேடிக்கை, அந்த ஊர் ஓடைக்கரையில் இல்லை; பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தெற்கே தள்ளி நிற்கிறது. பீர் ஏற்றிவந்த வண்டி அங்கே உடைந்ததாம், ஊரும் அங்கேயே முளைத்ததாம்! வெள்ளையர்க்கும் தலபுராணம் உண்டு, பாருங்கள். உண்மை எளிது: தந்தி நிலையத்தைச் சூழ்ந்த நிலத்தை அரசு ஒதுக்கி வைத்திருந்தது, ஆகவே குடியிருப்பு அந்த எல்லைக்கு அப்பால் போயிற்று.

தந்திக்கு ஒதுக்கிய நிலத்துக்கு இருந்த மதிப்பு மக்களுக்கு ஒதுக்கிய நிலத்துக்கு இல்லை. 1892இல் வருமுங்கு மக்களுக்கென ஒரு பகுதியை அரசு விட்டிருந்தது. பொன் தென்பட்டதும், 1934இல், அதை ரத்துசெய்தது. 1976இல் பழங்குடியினர் நில உரிமைச் சட்டம் வந்தது. 1978இல் வருமுங்கு மக்கள் வழக்காடத் தொடங்கினர். பதினைந்து ஆண்டுப் போராட்டத்திற்குப் பின், 1993இல், கோரிய நிலத்தின் பெரும்பகுதி மீண்டது.

2003இல் நகரின் நடுவே அவர்கள் பண்பாட்டு மன்றமொன்றைத் திறந்தனர். அதன் பெயர் நியிங்க்கா நியுன்யு. முள்வால் உடும்பின் இருப்பிடம் என்று பொருள். உடும்பைப் பற்றிய பழங்கதையை நாம் நம்பவேண்டியதில்லை. ஆனால் அது அவர்கள் மொழியில், அவர்களே எழுதிய பெயர்ப்பலகை. ஊரின் பெயர் இன்னும் டென்னன்ட் கிரீக்தான்.