வெண்ணுடையும் வீராங்கனையரும்

விம்பிள்டன் டென்னிஸில் மகளிர் ஒற்றையர் போட்டி 1884-ஆம் ஆண்டு தொடங்கிற்று. வெண்ணுடை அங்கு நெடிய மரபு. 2014-இல், வெளியே தெரியக்கூடிய உள்ளாடையும் வெண்மையாதல் வேண்டுமென விதி இறுகிற்று. மாதவிலக்கு நாட்களில் ஆடிய பெண்டிர், எதிர்வரும் பந்தோடு, கறை தெரியுமோ என்னும் அச்சத்தையும் எதிர்கொண்டனர். ஆடவர்க்கு அவ்வச்சமில்லை, ஆதலின் விதி ஒன்றாயினும் சுமை ஒன்றன்று.

2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் சீன நீச்சல் வீராங்கனை ஃபூ யுவான்ஹுய், முந்தைய நாள் தமக்கு மாதவிலக்கு வந்ததை நாணாது கூறினார். 2022-இல் டென்னிஸ் வீராங்கனையரும் வாய்திறந்தனர். அவ்வாண்டு நவம்பரில் விம்பிள்டன் நிர்வாகம் இசைந்தது. 2023 முதல், பாவாடையினும் நீளாத கருநிறக் குறுங்காற்சட்டையை மகளிர் உள்ளே அணியலாம். மேலுடை வெண்மையாகவே நிற்கிறது, மரபு குலையவில்லை.

நம் பள்ளிகளில் விளையாட்டுச் சீருடை வகுப்போரும் முதலில் மாணவியரைக் கேட்டறிதல் நன்று.