கப்பலின் இன்னொரு கொடி



கப்பலில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் பழைய ஜெர்மன் கப்பல் படம் ஒன்றை அனுப்பி, "சார், கொடியை வச்சு இது எந்தக் கம்பெனின்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டிருந்தார். முடியும். அவருக்கு மட்டும் எழுதுவதைவிட எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

வணிகக் கப்பலின் பின்பக்கம் பறப்பது நாட்டுக் கொடி. பாய்மர உச்சியில் பறப்பது கம்பெனிக் கொடி. வானொலி இல்லாத காலத்தில், கரையில் தொலைநோக்கியோடு நிற்பவருக்கு வருவது யாருடைய கப்பல் என்று சொன்னது இந்தக் கொடிதான்.

ஜெர்மன் கொடிகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான படங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

1. ஹபாக். 1847இல் ஹாம்பர்க்கில் தொடங்கிய கம்பெனி. கொடியில் மூலைக்கு மூலை கோடு கிழித்தது போல நான்கு முக்கோணங்கள், வெள்ளையும் நீலமும் மாறி மாறி. நடுவில் கறுப்பு நங்கூரம், அதன்மேல் மஞ்சள் கேடயம், கேடயத்தில் கம்பெனியின் எழுத்துகள். 1914இல் சென்னையில் குண்டு போட்ட எம்டன் போர்க்கப்பல் என்பதால் அதற்குக் கம்பெனிக் கொடி கிடையாது. ஆனால் அதற்கு நிலக்கரி சுமந்து வந்த மார்கோமானியா ஹபாக் கப்பல்தான்.

2. நார்த்டாய்ச்சர் லாய்டு. 1857இல் பிரெமன் நகரில் தொடங்கியது. வெள்ளைக் கொடியில் நீல நிறத்தில் நங்கூரமும் சாவியும் குறுக்காக இருக்கும், நடுவில் ஓக் இலை வளையம். கப்பலுக்கு எதற்குச் சாவி என்று கேட்பீர்கள். பிரெமன் நகரச் சின்னமே புனித பேதுருவின் சாவிதான்.

3. எஃப். லாயிஸ். ஹாம்பர்க் பாய்மரக் கப்பல் முதலாளிகள். வெள்ளைத் துணியில் சிவப்பாக எஃப், எல் என்ற இரண்டே எழுத்துகள். இவர்களுடைய புகழ்பெற்ற கப்பல்களின் பெயர்கள் 'ப' ஒலியில் தொடங்கும்: பாமிர், பஸ்ஸாட், பீக்கிங். அதனால் கொடியையும் பெயரையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

படம் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பல பிளேட்டுகளில் நீலம் வெளிறி வெள்ளை போல விழும், சிவப்பு கறுப்பாக விழும். லாய்டின் நீலச் சாவி மங்கித் தெரியும், லாயிஸின் சிவப்பு எழுத்து பளிச்சென்று கறுப்பாக நிற்கும். ஆகவே நிறத்தை நம்பாதீர்கள். முதலில் கொடி எப்படிப் பிரிந்திருக்கிறது, பிறகு என்ன சின்னம், கடைசியில்தான் நிறம்.

இனி பின்பக்கக் கொடிக்கு வருவோம். படத்தின் காலத்தைச் சொல்வது அதுதான். 1867 முதல் கறுப்பு, வெள்ளை, சிவப்பு. முதல் உலகப் போருக்குப் பிறகு அதே கொடியின் மேல் மூலையில் கறுப்பு, சிவப்பு, பொன் நிறம் சேர்ந்தது. 1933க்குப் பிறகு ஹிட்லரின் ஸ்வஸ்திகா கொடியும் உடன் பறந்தது. 1935 ஜூலை 26 அன்று நியூயார்க்கில் நின்ற லாய்டு கம்பெனியின் பிரெமன் கப்பலில் போராட்டக்காரர்கள் ஏறி, அந்தக் கொடியைப் பிடுங்கி ஹட்சன் ஆற்றில் எறிந்தார்கள். செப்டம்பரில் ஹிட்லர் அரசு அதையே ஒரே தேசியக் கொடியாக்கியது. போரில் தோற்றபின் நாட்டுக் கொடியே இல்லை. 1946 முதல் 1951 வரை, சர்வதேச சைகைக் கொடிகளில் 'சி' என்பதை ஓரத்தில் முக்கோணமாக வெட்டி, அதைத்தான் ஜெர்மன் கப்பல்கள் ஏற்றவேண்டியிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் பிரெமனின் சாவியும் நங்கூரமும் மாறவில்லை. அதை வைத்து, கம்பெனிகள் அரசியலுக்கு அப்பாற்பட்டு நின்றன என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

ஹபாக்கை உலகின் மிகப் பெரிய கப்பல் கம்பெனியாக வளர்த்தவர் ஆல்பர்ட் பாலின், ஹாம்பர்க்கின் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தோல்வியைத் தாங்காமல், மன்னர் பதவி இழந்த 1918 நவம்பர் 9 அன்றே உயிரை விட்டார். அவர் பெயரில் 1923இல் ஒரு கப்பல் ஓடத் தொடங்கியது. 1935இல் அந்தப் பெயரை அழித்து 'ஹான்ஸா' என்று எழுதினார்கள். யூதர் பெயர் என்பதுதான் காரணம். வளர்த்தவரின் பெயர் போன பிறகும் அவர் கம்பெனியின் கொடி மட்டும் உச்சியில் பறந்துகொண்டிருந்தது. 1947இல்தான் ஹாம்பர்க்கில் கம்பெனி அலுவலகம் இருக்கும் தெருவுக்கு 'பாலின்டாம்' என்று அவர் பெயரை வைத்தார்கள்.

அதனால், படத்தில் கம்பெனிக் கொடியைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். பின்பக்கக் கொடியையும், கப்பலின் பெயரையும் பாருங்கள். மூன்றும் சேர்ந்தால்தான் வரலாறு.

1970இல் ஹபாக்கும் லாய்டும் ஒன்றாகி ஹபாக்-லாய்டு ஆயின. துறைமுகத்தில் ஆரஞ்சு நிறக் கன்டெய்னர்களில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். லாயிஸின் பீக்கிங் கப்பல் 2020இல் ஹாம்பர்க்குக்கே திரும்பிவிட்டது. அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகள் யாராவது போனால், படம் எடுத்து இங்கே போடுங்கள்.