திருவிதாங்கூருக்குப் போன திருவண்ணாமலை

1938இல் சென்னையிலிருந்து காரில் திருவண்ணாமலைக்கு வந்த ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம், அங்கே ஆசிரமத்தில் இருந்த ஞானி ரமணரைப் பார்க்கும் முன்பே மயங்கி விழுந்துவிட்டார். அவரைத் தூக்கிப்போய்ப் படுக்க வைத்தார்கள். சேதி தெரிந்து ரமணரே வந்து எதிரில் உட்கார்ந்தார். பேச்சு அதிகமில்லை. தெளிந்த பிறகும் ரமணர் வழக்கமாக அமரும் ஹாலுக்குள் மாம் போகவில்லை. காலில் பெரிய பூட்ஸ். வெளியே நின்றபடியே பார்த்துவிட்டுக் கிளம்பினார் என்கிறார், அப்போது ஆசிரமத்தில் தங்கியிருந்த மேஜர் சாட்விக்.

அந்த மயக்கம் வாய்க்கு வாய் மாறிச் சமாதியாகிவிட்டது! மருத்துவம் படித்த மாம், அது உடல்கோளாறுதான் என்று எழுதினார்.

ஆனால் அந்தப் பயணம் வீண்போகவில்லை. 1944இல் வெளிவந்த 'தி ரேசர்ஸ் எட்ஜ்' நாவலின் நாயகன் லாரி டாரல், முதல் உலகப் போரில் விமானம் ஓட்டியவன். தன்னைக் காப்பாற்றப் போன நண்பன் இறந்துவிட, அந்தச் சாவு அவனை உலுக்குகிறது. பாரிஸில் படிக்கிறான், நிலக்கரிச் சுரங்கத்தில் உழைக்கிறான், கடைசியில் இந்தியா வருகிறான். அங்கே ரமணரை ஒத்த குருவின் பெயர் ஸ்ரீ கணேசர். ஆசிரமம் இருப்பது திருவிதாங்கூரில். லாரிக்கு ஞானம் கிடைப்பது மலையுச்சியில், சூரிய உதயத்தில். பிறகு அமெரிக்கா திரும்பி டாக்சி ஓட்டத் தீர்மானிக்கிறான்.

ரமணரின் நிஜக் கதையில் மலையும் இல்லை, உதயமும் இல்லை, குருவும் இல்லை. 1896 ஜூலையில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடி அறை. பின்னாளில் ரமணரான 16 வயது வெங்கடராமனுக்குத் திடீரென்று மரண பயம். யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல் விறைத்துப் படுத்து, உதட்டை இறுக மூடி, மூச்சை அடக்கி, செத்தால் எது சாகிறது என்று பார்த்தான். அவ்வளவுதான். நாவலாசிரியருக்கு இது போதாது என்பது புரிகிறது; வாசகனைப் பல நூறு பக்கம் நடத்திச்செல்ல ஊர்கள் வேண்டும், காதலி வேண்டும், குரு வேண்டும்.

சில வாரத்தில் பையன் கிளம்பிவிட்டான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான 5 ரூபாயில் 3 ரூபாயை ரயிலுக்கு எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்தான். தேட வேண்டாம், கட்டணம் இன்னும் கட்டவில்லை என்று அதில் எழுதியிருந்தான். இந்தக் கணக்கு வழக்கை எந்த நாவலாசிரியரும் கற்பனை செய்திருக்க மாட்டார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தவன், 1950இல் இறக்கும்வரை வேறெங்கும் குடிபோகவில்லை.

1958இல், 84 வயதில், மாம் மறுபடி அந்தப் பொருளுக்கு வந்தார். இம்முறை நாவல் அல்ல, கட்டுரை. குருவுக்குப் புனைபெயரும் இல்லை, ஊர் மாற்றமும் இல்லை. ரமணரையும் திருவண்ணாமலையையும் பெயர் சொல்லியே எழுதினார்.