கவலை என்று நாம் சொல்வது ஒரே கவலை அல்ல



நம்மட பேச்சில் மனசு சரியில்லாத எல்லாத்துக்கும் 'கவலை' என்ற ஒரே சொல்தான். மகனுக்கு ஓ/எல் ரிசல்ட் வரப்போகுது என்றாலும் கவலை. வாப்பா மௌத்தாகி நாற்பது நாள் ஆனாலும் கவலை. தமிழ்நாட்டில் மனத்துயரத்துக்குச் சொல்லும் 'வருத்தம்' நமது பேச்சில் நோயாகிவிட்டது. சீனி வருத்தம், பிரஷர் வருத்தம் என்கிறோம். அதனால் பாரம் முழுவதும் 'கவலை'யின் தலையிலேயே விழுகிறது.

நாம் ஓதும் அரபியில் இது பிரிந்து நிற்கிறது. நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த, நம்மில் பலர் காலையிலும் மாலையிலும் ஓதும் ஒரு துஆவில், 'ஹம்', 'ஹஸன்' இரண்டிலிருந்தும் தனித்தனியாகப் பாதுகாப்புத் தேடப்படுகிறது. இரண்டும் ஒன்றென்றால் இரண்டு சொல் எதற்கு?

அறிஞர்கள் தரும் விளக்கம் இது. 'ஹம்' என்பது இனி வரப்போவதைப் பற்றியது. மனவுறுதியைக் குறிக்கும் 'ஹிம்மத்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்தது. அதனால் ஹம் மனிதனை ஏதாவது செய்யச் சொல்லித் தள்ளும்.

'ஹுஸ்ன்' அல்லது 'ஹஸன்' என்பது கைவிட்டுப் போனதைப் பற்றியது. இதே வேரில் வரும் 'ஹஸ்ன்' என்றால் கரடுமுரடான தரை. மதீனாவின் பெரும் அறிஞர் ஸஈத் இப்னுல் முஸய்யப் அவர்களின் பாட்டனாருக்கு அதுதான் பெயர். 'ஸஹ்ல்', அதாவது இலகுவான தரை, என்று மாற்றிக்கொள்ளுமாறு நபியவர்கள் சொன்னபோது, வாப்பா வைத்த பெயரை மாற்றமாட்டேன் என்றார் அவர். அந்தக் கரடுமுரடு எங்கள் குடும்பத்தில் பிறகும் தங்கிவிட்டது என்று பேரர் ஸஈத் சொன்னதாக புகாரியில் வருகிறது.

மூன்றாவது 'கம்'. மூடிக்கொள்வது என்பது அதன் வேர்ப்பொருள். வானத்தை மூடும் மேகத்துக்கு 'கமாம்' என்று பெயர். மீன் வயிற்றில் இருந்த யூனுஸ் (அலை) அவர்கள் மீட்கப்பட்டதைச் சொல்லும்போது குர்ஆன் எடுக்கும் சொல் இதுதான்.

இவற்றுக்கு நடுவே மதில் கட்டியிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஹிஜ்ரத்தின்போது தவ்ர் குகையில் அபூபக்கர் (ரலி) அவர்களுக்கு இருந்தது அடுத்து என்ன நடக்குமோ என்ற தவிப்பு. அங்கே குர்ஆன் ஹுஸ்ன் என்ற சொல்லையே பயன்படுத்துகிறது. ஆனாலும் பொதுவான போக்கு தெளிவானது.

ஸீறா வரலாற்றில் ஒரு வருடத்துக்கே இந்தப் பெயர் இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 619இல், ஹிஜ்ரத்துக்கு மூன்று வருடம் முன்பு, கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் அடுத்தடுத்து மரணித்தார்கள். 'ஆமுல் ஹுஸ்ன்', துயர ஆண்டு, என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். குறைஷிகளின் தொல்லை கூடிக்கொண்டிருந்த நேரம் அது. நாளைய பயமும் இருந்தது. இருந்தும் அந்த ஆண்டுக்கு நாளைய பயத்தின் பெயர் வரவில்லை. போனவர்களின் பெயரால்தான் அது நினைக்கப்படுகிறது. பல வருடங்களுக்குப் பிறகும் கதீஜா நாயகியின் தோழிகளுக்கு நபியவர்கள் இறைச்சி கொடுத்தனுப்பினார்கள். ஹுஸ்ன் அப்படித்தான், காலக்கெடு பார்ப்பதில்லை.

ஹிஜ்ரி 8இல் முஃதா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதானார்கள். அவருடைய வீட்டாருக்குச் சாப்பாடு செய்து கொடுங்கள் என்பது நபியவர்களின் கட்டளை. மையித்து வீட்டுக்கு அயலவர் சோறு கொண்டுபோகும் நமது வழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஹிஜ்ரி 10இல் தமது பிள்ளை இப்றாஹீமை இழந்தபோது நபியவர்களே கண்ணீர் விட்டார்கள். அதைப் பார்த்து வியந்தவரிடம், இது ரஹ்மத் என்றார்கள்.

இப்போது நமது நாட்டுக்கு வருவோம். 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானியோடு, கொவிட் ஜனாஸாக்களை எரிப்பது கட்டாயமானது. அடக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் நடக்கவில்லை. அந்த மாதங்களில் மூத்தவர்களுக்கு இருந்தது ஹம்: 'எனக்கும் இதுதானா?' ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு இருந்தது கம். குளிப்பாட்டவோ கபனிடவோ முடியாமல் பெற்றவரை அனுப்பியவர்களுக்கு இருந்தது ஹுஸ்ன். சோறு கொண்டுபோக அயலவருக்கும் வழியில்லை.

2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் மையவாடி திறந்தது. 'பிரச்சினை முடிஞ்சிட்டு' என்றோம். முடிந்தது ஹம் மட்டும்தான். எரிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு ஸியாரத்துக்குப் போக ஒரு கப்ர் இல்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. தேவையான காரியம்தான், ஆனால் அதுவும் கப்ராகாது.

ஒரு சொல்லுக்குள் எல்லாத்தையும் போட்டு மூடினால் வரும் ஆபத்து இதுதான். பயம் தீர்ந்ததும் துயரமும் தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். ரிசல்ட்டுக்குப் பயப்படும் பிள்ளையிடம் 'கவலைப்படாதே' என்று சொல்லலாம், வழியும் காட்டலாம். இழந்தவரிடம் அதே சொல்லைச் சொன்னால், அழாதே என்றுதான் அவர் காதில் விழும். அவருக்குத் தேவை பக்கத்தில் இருக்க ஒரு ஆள், ஒரு பார்சல் சோறு, மௌத்தானவரின் பெயரைச் சொல்லிக் கொஞ்சம் பேச்சு.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கலாம். ஐந்தாறு வருடம் போய்விட்டதே என்று பார்க்காமல், இந்த வாரம் ஒருக்கா போய் வாருங்கள்.

யா அல்லாஹ், அவர்களின் ஹம்மையும் ஹுஸ்னையும் இலகுவாக்குவாயாக. ஆமீன்.