தொடுதல் பாடமும் தொடாமையின் வரலாறும்

தொடக்கப் பள்ளிகளில் இப்போது ஒரு பாடம் நடக்கிறது. நல்ல தொடுதல், கெட்ட தொடுதல். ஜட்டி மறைக்கிற இடத்தை யாரும் தொடக் கூடாது, தொட்டா ‘வேணாம்’னு கத்து, அங்கேருந்து ஓடு, நம்பிக்கையான பெரியவங்ககிட்ட சொல்லு என்று டீச்சர் சொல்லித் தருகிறார். தேவையான பாடம்தான். மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் விசாரிக்கப்பட்ட 12,447 குழந்தைகளில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். 2012இல் போக்சோ சட்டம் வந்தது. இதையெல்லாம் நாம் மறுக்கவில்லை.

ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் ‘தொடுதல்’ என்று சொன்னதும் தலித்துகளுக்கு இன்னொரு வரலாறு நினைவுக்கு வந்தாக வேண்டும். நம் பிள்ளைகளின் உடம்பைத் தொட்டதால் நடந்த கொடுமை ஒரு பக்கம். தொட மறுத்ததால் நடந்த கொடுமை இன்னொரு பக்கம். பாடப்புத்தகம் முதலாவதை மட்டும்தான் பேசுகிறது.

சாத்தாரா பள்ளியில் அம்பேத்கர் வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிச் சாக்கில் தனியாக உட்கார்ந்தார். அவர் குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது. நம்ம பக்கத்துக்கு வருவோம். கோயம்புத்தூரில் படித்த இரட்டைமலை சீனிவாசன், தன் சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி மற்ற மாணவர்களோடு பழகாமல் ஒதுங்கியிருந்ததையும், மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைந்ததையும் 1939இல் வெளிவந்த தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். யாரும் சொல்லித் தராமல் ஒரு தலித் மாணவன் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட பாதுகாப்பு முறை அது. மறைந்திரு, பேசாதே, சீக்கிரம் வீடு போய்ச் சேர்.

1894இல் கர்னல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். 1920க்குப் பின் தொழிலாளர் துறை சேரிகளில் பள்ளிகள் திறந்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அந்த வழியில் வந்தவை. பொதுப் பள்ளியில் அடியும் அவமானமும் இருந்த காலத்தில் தனிப் பள்ளி பிள்ளைகளுக்குக் கூரையாக இருந்தது. அதே நேரத்தில் ஒதுக்கலை நிரந்தரமாக்கவும் செய்தது. இந்தப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக 2023இல் தமிழக அரசு அறிவித்தபோது நமக்குள்ளேயே எழுந்த விவாதத்துக்கு இந்த இரட்டை வரலாறுதான் காரணம்.

சுதந்திரம் வந்த பிறகாவது மாறியதா? 1995இல் சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில் ஒரு தலித் சிறுமி பள்ளியில் தாகத்துக்குத் தண்ணீர் மொண்டு குடித்தாள். சாதி இந்துப் பிள்ளைகளுக்கான தண்ணீர் என்று ஆசிரியர் அடித்த அடியில் ஒரு கண்ணில் பார்வை போனது. 2022இல் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் மிட்டாய் வாங்க வந்த பள்ளிப் பிள்ளைகளிடம், ‘ஊர்க் கட்டுப்பாடு, இனிமே உங்களுக்குத் தர முடியாது’ என்றார் கடைக்காரர். அதே ஆண்டு பெருந்துறைக்கு அருகே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்திருக்கிறார்கள். அது வெளியே வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு பையனுக்கு டெங்குக் காய்ச்சல். ‘எப்படிடா கொசு கடிச்சுது’ என்று அம்மா கேட்டபோதுதான், கக்கூஸ் கழுவும்போது கடித்ததாகச் சொன்னான். அதுவரை அதைச் சொல்ல வேண்டிய விஷயமாகவே அவன் நினைக்கவில்லை. தன்னிடம் நடப்பது தப்பு என்று தெரிந்தால்தானே பிள்ளை சொல்லும்?

பாடத்தின் மூன்று கட்டளைகளையும் சேரியில் வைத்துப் பாருங்கள். ‘வேணாம்னு சொல்’ என்கிறோம். கூலிக்குக் கூப்பிடுகிறவரிடம் அப்பன் வேணாம் என்று சொல்லிப் பார்த்திராத பிள்ளையிடம் சொல்கிறோம். ‘ஓடு’ என்கிறோம். ஊர்த் தெரு வழியாகத்தான் காலனிக்கு ஓட வேண்டும். ‘நம்பிக்கையான பெரியவரிடம் சொல்’ என்கிறோம். வாத்தியார், போலீசு, பஞ்சாயத்துத் தலைவர் எல்லாரும் ஊர்க்காரராகவே இருக்கிற இடத்தில் அந்தப் பெரியவர் யார்? பிள்ளை சொன்னதும் முதலில் நடப்பது பெரும்பாலும் ‘சமாதானம்’. அடுத்து நடப்பது பிள்ளையின் படிப்பு நிற்பது.

நம் திருவண்ணாமலை அண்ணாமலையாரைப் பார்க்க உலகமே வந்து மலையைச் சுற்றுகிறது. இதே மாவட்டத்துத் தென்முடியனூரில், அறநிலையத் துறைக்குச் சொந்தமான முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் முதன்முறையாக நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்றுதான், அதுவும் போலீஸ் காவலோடு. ‘உன் உடம்பு உனக்குச் சொந்தம்’ என்று காலையில் வகுப்பில் கேட்கிற பிள்ளை, சாயந்திரம் எந்தப் படியில் அந்த உடம்பை நிறுத்துகிறார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறது.

நல்ல நட்பு, ஆரோக்கியமான உறவு என்றும் பாடம் வைக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு அதே பள்ளியில் படித்தவர்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, மாணவர் கையில் சாதிக் கயிறு கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. கயிறு கையில் ஏறுவதற்கு முன்பே சாதி மனசில் ஏறிவிடுகிறது. அதனால் ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

நாம் கேட்பது பெரிய காரியமில்லை. கெட்ட தொடுதலுக்குப் பக்கத்திலேயே கெட்ட ‘தொடாமை’யையும் பாடத்தில் எழுதுங்கள். தனி டம்ளர் தப்பு, தனி வரிசை தப்பு, ‘நீங்க எந்தத் தெரு’ என்று கேட்பது தப்பு, பிள்ளையைக் கக்கூஸ் கழுவச் சொல்வது குற்றம் என்று படம் போட்டுச் சொல்லுங்கள். போக்சோவைச் சொல்லித் தருகிற ஆசிரியர் பயிற்சியில் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்த்துச் சொல்லித் தாருங்கள். 1098க்குப் பிள்ளை போன் செய்தால், அந்தப் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து பேசினாலும் அடுத்த நாளும் அது பள்ளிக்கு வர முடியும் என்பதை உறுதி செய்யுங்கள்.

தோழர்களே, அது வரை காலனியில் நாமே அந்த நம்பிக்கையான பெரியவராக இருக்க வேண்டும். இரவுப் பள்ளி நடத்துகிற ஒவ்வொருவரும் வாய்ப்பாட்டோடு இதையும் சொல்லித் தரலாம். பிள்ளைங்க பேசுவாங்க. கேட்க ஆள் வேணும்.