டிஎன்ஏ-வுக்கு நாலு எழுத்து போதாதா? கணினி உதவியோடு உருவான 'ஹச்சிமோஜி' பற்றித் தெரியுமா?

பாக்டீரியாவில் தொடங்கி யானை வரை எல்லா உயிர்களின் டிஎன்ஏ-வும் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் ஆனது. இதோடு இன்னும் நான்கைச் சேர்த்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் புளோரிடாவில் ஸ்டீவன் பென்னர் தலைமையிலான குழு அதைச் செய்து காட்டியது. 2019 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழில் வெளியான அந்த 8 எழுத்து டிஎன்ஏ-வின் பெயர் ஹச்சிமோஜி. ஜப்பானிய மொழியில் 'ஹச்சி' என்றால் எட்டு, 'மோஜி' என்றால் எழுத்து.

புதிய எழுத்துகள் எவை?

இங்கே ஒரு சின்ன சிக்கல். புதிய நான்கில் இரண்டைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி' ஆகிவிடும்! அதனால் ஜோடியாகவே சொல்லிவிடலாம். ஒரு 'பி' இசட்டோடு சேரும், இன்னொரு 'பி' எஸ்ஸோடு சேரும்.

கணினிக்கு இங்கே என்ன வேலை?

டிஎன்ஏ-வின் இரண்டு இழைகளையும் சேர்த்துப் பிடிப்பது ஹைட்ரஜன் பிணைப்புதான். ஏ-டி ஜோடிக்கு 2 பிணைப்பு, ஜி-சி ஜோடிக்கு 3. பெரிய மூலக்கூறு சின்னதோடு சேர வேண்டும், ஹைட்ரஜன் கொடுக்கும் இடமும் வாங்கும் இடமும் நேருக்கு நேர் வர வேண்டும். பூட்டும் சாவியும் மாதிரி. ஒரு அணுவை மாற்றினாலே பொருத்தம் கெட்டுப்போகலாம். ஒவ்வொன்றையும் ஆய்வகத்தில் தயாரித்துப் பார்ப்பது நாள்பட்ட, செலவு பிடிக்கும் வேலை. அதனால் பிணைப்பு எவ்வளவு வலுவானது, ஏணிப் படிகள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக அடுக்குமா என்பதைக் குவாண்டம் வேதியியல் கணக்கு மூலம் முன்கூட்டியே பார்க்க முடியும்.

ஹச்சிமோஜியில் 94 இரட்டை இழைகளைச் சோதித்தார்கள். எந்த வெப்பத்தில் இழைகள் பிரியும் என்று கணக்கு சொன்னதற்கும் நிஜத்தில் நடந்ததற்கும் சராசரி வித்தியாசம் சுமார் 2 டிகிரி செல்சியஸ்தான். எழுத்தை எந்த வரிசையில் அடுக்கினாலும் டிஎன்ஏ இப்படிக் கணக்குக்கு அடங்கினால்தான் அதை நம்பித் தகவல் எழுத முடியும். எட்டெழுத்து டிஎன்ஏ-விலிருந்து ஆர்என்ஏ நகலும் எடுத்தார்கள். பச்சையாக ஒளிரும்படி வடிவமைத்த அந்த ஆர்என்ஏ நிஜமாகவே ஒளிர்ந்தது.

ஏமாற்றும் எழுத்து

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. எஸ்ஸோடு சேரும் 'பி'-யில் ஒரு ஹைட்ரஜன் இடம் மாறி உட்காரும். அப்போது அது தன் ஜோடியை விட்டுவிட்டு டி-யோடு ஒட்டிக்கொள்ளும். நகல் எடுக்கும்போது அதுவே எழுத்துப்பிழை. இந்த மாதிரி இடமாற்றத்துக்கு எவ்வளவு ஆற்றல் தேவை என்று முன்கூட்டியே கணக்கிடுவது இந்தத் துறையின் முக்கியமான வேலைகளில் ஒன்று.

நமக்கு என்ன பயன்?

பயன் ஏற்கெனவே வந்துவிட்டது. பென்னரின் முந்தைய செயற்கை எழுத்துகள் எச்ஐவி வைரஸ் அளவைக் கணக்கிடும் ரத்தப் பரிசோதனையில் பயன்பட்டன. ரத்தத்தில் உள்ள இயற்கை டிஎன்ஏ-வோடு அவை ஒட்டாது, அதனால் தவறான சிக்னல் குறையும்.

ஆய்வகத்தை விட்டுத் தப்பி ஓடிவிடாதா?

சினிமா பார்த்தவர்களுக்கு வரும் பயம்தான். ஹச்சிமோஜி என்பது உயிர் இல்லை, சோதனைக் குழாயில் இருக்கும் மூலக்கூறு. அதைப் பெருக்கத் தேவையான புதிய எழுத்துகளை மனிதர்கள்தான் தயாரித்துக் கொடுக்க வேண்டும். வெளியே எங்கேயும் அது கிடைக்காது.