ஞாயிற்றின் அயலான்

வைகாசி மாதத்து முன்னிரவில் தென்திசையை நோக்கும் நேயர்கள், அடிவானுக்குச் சற்று மேலே தென்சிலுவையையும், அதன் கிழக்கே இரு ஒளிமிக்க விண்மீன்களையும் கண்டிருப்பர். அவற்றுள் பிரகாசம் கூடியது அல்பா செந்தோரி. ஞாயிற்றுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் அதுவே என நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் அதற்கருகே, முழுமதியின் அகலத்தைப்போல் நான்கு மடங்குக்குச் சற்றுக் கூடத் தள்ளி, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத வேறொன்று உண்டு. அதுவே நமது மெய்யான அயலான்.

விண்மீனின் தொலைவை அளப்பது எங்ஙனம்? முகத்தின் முன்னே ஒரு விரலை நீட்டி, ஒவ்வொரு கண்ணாக மாறி மாறி மூடிப் பாருங்கள். பின்னாலுள்ள சுவரிலே விரல் இடம்பெயர்வது போலத் தோன்றும். புவி ஞாயிற்றைச் சுற்றுவதால், ஆறு மாத இடைவெளியில் 18 கோடியே 60 இலட்சம் மைல் அகன்ற இரு கண்கள் நமக்குக் கிடைக்கின்றன. அப்போது அண்மைய விண்மீன் தொலைவிலுள்ளவற்றின் முன்னே சற்று அசையும். அவ்வசைவின் பாதியே கணக்குக்கு வேண்டிய கோணம். ஒரு பாகையை 3600 கூறாக்கினால் வருவது ஒரு விகலை. எந்த விண்மீனின் கோணமும் அந்த ஒரு விகலையைத்தானும் எட்டுவதில்லை. மூன்று மைலுக்கப்பால் வைத்த சிறு நாணயத்தின் அகலமே அது.

தோமஸ் ஹென்டர்சன் என்பார் 1832, 1833 ஆம் ஆண்டுகளில் நன்னம்பிக்கை முனையிலிருந்து அல்பா செந்தோரியை அளந்தார். தம் கருவியை ஐயுற்று, முடிவை 1839 வரை வெளியிடாதிருந்தார். அதற்குள், 1838 இல், ஜேர்மனியரான பெசல் வேறொரு விண்மீனின் தொலைவை அறிவித்துப் புகழைக் கொண்டுவிட்டார்.

மங்கிய அயலானைக் கண்டவர் றொபேட் இன்னிஸ். எடின்பரோவிற் பிறந்த இவர் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதித்தவரல்லர். சிட்னியில் மதுபான வணிகராயிருந்தவர். வானியல் மீதுற்ற காதலால் வணிகத்தைத் துறந்து தென்னாபிரிக்கா சென்று, பின்னர் ஜொகன்னெஸ்பேர்க் வானாய்வகத்தின் தலைவரானார். 1910 இலும் 1915 இலும் எடுத்த இரு ஒளிப்படத் தகடுகளை ஒரு கருவியில் மாறி மாறித் தோன்றச் செய்து, ஆயிரக்கணக்கான புள்ளிகளிடையே பொறுமையுடன் தேடினார். ஏனையவை அசையாது நிற்க, ஒரு புள்ளி மட்டும் துள்ளிற்று. வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிக மங்கிய மீனிலும் ஏறத்தாழ 100 மடங்கு மங்கியது அது. அதன் நகர்வோ அல்பா செந்தோரியின் நகர்வை ஒத்திருந்தது. ஆகவே இரண்டும் ஏறத்தாழ ஒரே தொலைவின என ஊகித்தார், சரியான ஊகம்.

ஆனால் 1917 இல், போதிய சான்று கைக்கு வருமுன்னரே, அதுவே மிக அண்மையது என்று கொண்டு, 'அண்மையது' எனப் பொருள்படும் பிரொக்சிமா என்ற பெயரையும் சூட்டினார். அதே ஆண்டில், நன்னம்பிக்கை முனையில் ஒல்லாந்த வானியலறிஞர் யோன் வூட் நிதானமாக அளந்து 0.755 விகலை என வெளியிட்டார். எனினும், எது முந்தியது என்பது பிழையின் எல்லைக்குள் அடங்கியே கிடந்தது. 1928 இல் ஹரோல்ட் ஆல்டனின் அளவைக்குப் பின்னரே ஐயம் தீர்ந்தது.

தயங்கிய ஹென்டர்சன் முதன்மையை இழந்தார். விரைந்த இன்னிஸ் அதைப் பெற்றார். வரலாறு படிப்பிப்பவனாகிய எனக்கு இது சற்று உறுத்தவே செய்கின்றது. வூட்டின் பெயரை அறிந்தோர் சிலரே. கையா என்னும் விண்கலம் நம் காலத்தில் அளந்த கோணம் 0.768 விகலை, தொலைவு 4.25 ஒளியாண்டு. ஒரு நூற்றாண்டுக்கு முன் வூட் கண்ட எண்ணுக்கும் இதற்குமுள்ள வேறுபாடு 0.013 விகலை மாத்திரமே.